பொங்கல் பானைக்குள் மணமக்கள்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

வாகனம் கட்டும் வேலையில் சேர்ந்திருப்பதாக நீங்கள் வீட்டில் சொல்லியிருப்பீர்கள். அம்மாமாரும் நம்பியிருப்பார்கள். உண்மையில் நீங்கள் சேர்ந்திருப்பது வாகனம் கட்டுவதைக் காட்டும் வேலையில். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். காலையில் நீங்கள் அழகாகப் பொருத்திய கதவை, அந்த நேரம் கமரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று சொல்லி மத்தியானம் கழற்றச் சொல்வார்கள். திரும்பப் பொருத்தும்போது அப்போதுதான் முதன்முதலாகப் பொருத்துவதுபோல் முகத்தில் வியப்பும் காட்ட வேண்டும். வியப்பு வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அடுத்த தடவை கழற்றச் சொல்லும்போது கோபம் தானாக வரும். அதையும் படம் பிடித்துக்கொள்வார்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், புதுப் பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கும் என்று கேட்டார்கள். வெல்டிங் பற்றி எழுத மாட்டேன். அதை உங்களுக்குப் பள்ளியில் என்னைவிட நன்றாக, அதுவும் பிரெஞ்சில், சொல்லித் தந்திருப்பார்கள். தமிழ் வாசிக்க அலுப்பாக இருப்பவர்கள் இதை அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் இடையிடையே தன் புத்திமதிகளையும் சேர்த்து வாசிப்பார். அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் தொலைக்காட்சிக்குப் போனதே தற்செயல். மொன்றியல் துறைமுகத்தில் எண்ணெய்த் தாங்கிகள் திருத்தும் இடத்தில் வெகுகாலம் வேலை செய்தேன். அந்த இடத்தை மூடியபோது, ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில், ஒரு பட்டறைக்கு வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். அங்கே உலகத்தில் யாருக்கும் தேவைப்படாத வாகனங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சப்பாத்து வடிவில் ஒரு கார். பியானோ வடிவில் ஒரு லொறி. ஒருவருக்குத் தன் வீட்டு சோபாவில் சாய்ந்தபடியே தெருவில் ஓட வேண்டுமாம். அந்த சோபாவுக்கு எஞ்சின் பூட்டிய நாளில், பின்னால் நின்ற நான் என் பாட்டுக்குத் தலையை ஆட்டி, "இது சரிவராது" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். கமரா என் பக்கம் இருந்தது எனக்குத் தெரியாது.

சோபா ஓடியது. தலைமைக் கட்டுநர் மார்க் அதில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். பார்த்த சனத்துக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நான் "சரிவராது" என்று சொல்ல வேண்டும், மார்க் அதைச் சரிவரச் செய்து என்னை முட்டாளாக்க வேண்டும். இதுதான் என் உத்தியோகம். என் மனைவி கேட்டாள், "வீட்டிலையும் நெடுக இதைத்தானே சொல்லுறியள். இஞ்சை ஏன் ஒருத்தரும் படம் பிடிக்கேல்லை?"

கோயிலுக்குப் போனால் நிம்மதியாகக் கும்பிட முடியாது. ஒருவர் என்னை நிறுத்தி, "அண்ணை, மோன் டொக்டருக்குப் படிக்கப்போறான். சரிவருமோ?" என்று கேட்டார். சரிவராது என்று நான் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. நான் சொல்வதற்கு நேர்மாறாகத்தானே எல்லாம் நடக்கிறது. சொன்னேன். பையன் இப்போது டொக்டர்.

இந்த வேலையில் எனக்கு ஒருவர் வழிகாட்டியாக இருந்தார். எங்கள் ஒலிப்பதிவாளர். லொங்குய்யிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி, ஏறக்குறைய என் வயது. எந்நேரமும் காதில் பெரிய ஹெட்போன். ஒருநாள் இயக்குநர் என்னை வெயிலில் அளவுக்குமீறி நிற்க வைத்தபோது, அவரைப் பற்றி நான் தமிழில், வாய்க்குள், சில நல்ல வார்த்தைகள் சொன்னேன். சட்டையில் மைக் இருந்தது ஞாபகமில்லை. சாப்பாட்டு நேரம் அந்தப் பெண்மணி எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "இயக்குநரைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் முழுவதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்" என்றார். பிறகு, "இங்கே எல்லோரும் பார்க்கிறார்கள். கேட்பது நான் ஒருத்திதான். முகம் எதையும் நடிக்கும், தொண்டைக்கு அவ்வளவு நடிப்பு வராது" என்றும் சொன்னார். கெட்டித்தனமான பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு சான்ட்விச்சைச் சாப்பிட்டேன். அதன் அருமை செல்வியின் பானை வந்தபோதுதான் தெரிந்தது.

செல்வி புரோசார்ட்டில் கேட்டரிங் செய்பவர். மகள் துவாரகாவுக்குக் கலியாணம். மகளும் மருமகனும் ஒரு பெரிய பொங்கல் பானைக்குள் இருந்தபடி ஊர்வலமாக மண்டபத்துக்கு வர வேண்டும், வாசலுக்கு வந்ததும் பானை பொங்கி வழிய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். இயக்குநருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பொங்கி வழிந்தால் அது சமையல்காரரின் பிழையல்லவா?" என்று அவர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

செல்விக்கு வந்ததே கோபம். "வழிஞ்சாத்தான் நல்லது எண்டு சொல்லுங்கோ அண்ணை அவருக்கு! எந்தப் பக்கத்தாலை வழியுதெண்டும் பாக்கவேணும் எண்டு சொல்லுங்கோ!"

பானை கட்டினோம். பழைய சிறு லொறி ஒன்றின் முதுகில், செம்பு நிறம் பூசிய தகரத்தில், பார்த்தால் வாய் ஊறும் அளவுக்கு அழகான பானை. கழுத்தைச் சுற்றித் தகடு வெட்டிச் செய்த மஞ்சள் இலைகள். உள்ளே மணமக்களுக்கு ஒரு இருக்கை. அலங்காரத்துக்கு, மோட்டரில் திறந்து மூடும் ஒரு மூடி. பொங்குவதற்குத் தண்ணீரைப் புகைபோல் தூவும் சின்ன இயந்திரம், ஒரு பாதகமும் இல்லாதது. நானும் என் கடமையைச் செய்தேன். பானை வளைவில் கவிழும், சரிவராது என்றேன். கவிழவில்லை. மார்க் அதை ஓட்டிக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

கலியாண நாள் நல்ல கோடை வெயில். தாலி கட்டு காலையிலேயே முடிந்துவிட்டது. பின்னேரம் வரவேற்பு. மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில் சனம் பட்டும் சரிகையுமாகக் காத்திருந்தது. மேளகாரர் தயார். ஆனால் அந்த வெயிலில் எங்கள் தண்ணீர்ப் புகை ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. பானை பொங்கவில்லை, வியர்த்தது.

இயக்குநர் யாரையோ அனுப்பிப் பெட்டி பெட்டியாக உலர்பனிக்கட்டி எடுப்பித்தார். மேடை நாடகங்களில் வெள்ளைப் புகை தரையோடு தவழுமே, அதற்குப் போடுவது. அதோடு அவருக்குப் புது யோசனையும் ஒன்று வந்தது. மணமக்கள் உள்ளே இருக்க மூடியை மூடிவிடுவது. தரிப்பிடத்தின் கடைசி மூலையிலிருந்து பானை மேளத்தோடு உருண்டு வரும். வாசலில் மூடி திறக்கும், வெள்ளையாகப் பொங்கி வழியும், நடுவிலிருந்து இருவரும் எழுந்து நிற்பார்கள். அழகான யோசனைதான். கேட்டபோது எனக்கே ஒரு கணம் புல்லரித்தது.

மணமக்களை ஏற்றினார்கள். இருக்கைக்குக் கீழே சுடுதண்ணீர்த் தட்டுகளில் கட்டிகளைப் போட்டார்கள். புகை எழும்பி அவர்களின் இடுப்பு மட்டும், பிறகு மார்பு மட்டும் நிறைந்தது. இனி நான் பானைக்குப் பக்கத்தில் நின்று "சரிவராது" சொல்லும் காட்சி. அது முடிந்ததும் மூடி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உலர்பனிக்கட்டி என்பது உறைந்த காபனீரொட்சைட்டு. நாம் மூச்சில் வெளியே விடும் அதே வாயு. காற்றைவிடப் பாரம். திறந்த மேடையில் அது பரவிப் போய்விடும். பானைக்குள் எங்கே போகும்? தாங்கிகளுக்குள் இறங்கி வேலை செய்தவனுக்குப் பள்ளமான இடத்தில் வாயு தங்கி மூச்சுக்காற்றைத் தள்ளிவிட்டால் என்னவாகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துறைமுகத்தில் நாங்கள் காற்றைச் சோதிக்காமல் கால்கூட வைக்க மாட்டோம்.

கமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை உயர்த்தி, "இது சரிவராது. மூடியை மூடக்கூடாது. அவர்களை உடனே இறக்குங்கள்" என்றேன்.

இயக்குநரின் முகம் மலர்ந்துபோயிற்று. "அருமை! இன்னும் கொஞ்சம் கோபமாக ஒருமுறை. மார்க்கின் பக்கம் திரும்பி."

திரும்பச் சொன்னேன். கத்தினேன். மார்க் என் தோளில் தட்டி, வழக்கமான தன் வசனத்தைச் சொன்னான்: "பார்ப்போமா, பெரியவரே?" சனம் கைதட்டியது. தொலைபேசிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. செல்வி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணை, டீவியிலை சொல்லுற மாதிரியே சொல்லுறியள்! அப்பிடியே இருக்கு!"

நான் தமிழிலும் சொன்னேன், "தங்கச்சி, பகிடி இல்லை. பிள்ளையை இறக்குங்கோ."

"ஐயோ, இதையும் போடுவினமோ? தமிழும் வருமோ?" என்று அவர் சந்தோசமாக இயக்குநரைப் பார்த்தார்.

தம்பிமாரே, இதுதான் நம் தொழிலில் மட்டும் நடக்கக்கூடிய பிழை. துறைமுகத்தில் ஒருவன் நில் என்று கத்தினால் எல்லோரும் நிற்பார்கள். இங்கே நான் வருடக்கணக்காக அந்த ஒரு சொல்லையே விற்றுச் சாப்பிட்டிருந்தேன். இப்போது எனக்கு வேண்டும் என்றபோது, அதற்குக் கைதட்டல்தான் கிடைத்தது.

அந்த நேரம் ஒலிப்பதிவாளர் என் பக்கத்தில் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. மணமக்களின் உடையிலும் சின்ன மைக் பொருத்தியிருந்தோம். ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கி மெல்லக் கேட்டார், "அந்தப் பெண் மாடிப்படி ஏறி ஓடி வந்தவள்போல் மூச்சு வாங்குகிறாள். உட்கார்ந்துதானே இருக்கிறாள்? மாப்பிள்ளையும் அப்படித்தான்."

நிமிர்ந்து பார்த்தேன். துவாரகா புகைக்கு மேலே தலையை மட்டும் நீட்டிப் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை நெற்றிப்பொட்டை அழுத்தியிருந்தது.

ஏறிப்போய் இழுத்து இறக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பியானோ லொறியின் நிகழ்ச்சியில் அதையும் செய்திருக்கிறோம். நான் ஏறுவேன், மார்க் என்னைக் கட்டிப்பிடித்து இறக்குவான், சனம் சிரிக்கும். இப்போது ஏறினாலும் அதுதான் நடக்கும். மூடியின் விசை மார்க்கின் கையில் இருந்தது. இயக்குநர், மற்றப் பக்கத்திலிருந்து ஒரேயொருமுறை எடுத்துவிட்டு மூடலாம் என்று விரலைக் காட்டினார்.

கமரா திரும்பியது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், "நல்ல யோசனை. இது சரிவரும். மூடியை மூடுங்கள், மார்க்."

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவன் மூடிவிட்டால்? ஆனால் நான் "சரிவராது" சொல்லாமல் நிகழ்ச்சி இல்லை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அதை நம்பித்தான் சொன்னேன்.

"கூப்பே!" என்று கத்தினார் இயக்குநர். நிறுத்துங்கள் என்று அர்த்தம். கமரா நின்றது. மேளகாரர்கூட எங்களைப் பார்த்தார்கள். மார்க் விசையை வைத்துவிட்டு என்னிடம் வந்தான். "உனக்கு என்ன நடந்தது? சுகமில்லையா?" என்று கேட்டான். கமராவுக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று யோசிக்காமல் அவன் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

"மார்க், உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள்? பானையின் அடியில் ஓட்டை இருக்கிறதா?" என்றேன்.

அவனும் வெல்டிங் படித்தவன். நான் படித்த அதே பாடம். ஒரு கணம் நின்றான். பானையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஏணியைக்கூடத் தேடாமல் லொறிச் சில்லில் கால் வைத்துப் பாய்ந்து ஏறி, துவாரகாவைச் சேலையோடு அள்ளி என்னிடம் இறக்கினான். மாப்பிள்ளை தானாகவே தடுமாறி இறங்கினார். இருவரையும் நிழலில் இருத்தினோம். அவசர உதவிக்காரர் வந்து பார்த்துவிட்டு, இறங்கியது நல்லதாய்ப் போயிற்று என்றார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. "மாமா, நான் பதட்டம் எண்டு நினைச்சன். கலியாணம் எண்டா இப்பிடித்தானாக்கும் எண்டு" என்றாள் துவாரகா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இயக்குநர் கெட்ட மனிதரல்ல. ஆனால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது அவருக்கு. மூடி இல்லாமல் எடுக்கலாமே, மேலே வானம் திறந்துதானே இருக்கிறது, வெக்கையால் வந்த மயக்கமாக இருக்கலாம் என்று இழுத்தார். மார்க் லைட்டரைக் கொளுத்திப் பானைக்குள் நீட்டினான். அணைந்தது. "காற்றுக்கு அணைந்திருக்கும்" என்றார் இயக்குநர்.

செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய தங்கை மணமக்களை வரவேற்க ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிந்துகொண்டிருந்தது. செல்வி நேரே போய்த் தட்டை வாங்கினார். சமையலறையிலிருந்து நீளமான அகப்பை ஒன்றை எடுப்பித்து, ஒரு துண்டை எரியும் திரியோடு அதில் வைத்தார்.

எனக்கு விளங்கிவிட்டது, திரியைப் பானைக்குள் இறக்கப்போகிறார். "வேண்டாம் தங்கச்சி. ஆரத்தி. கலியாண வீட்டிலை திரி நூந்தால்…"

"நூந்தால் நூரட்டும் அண்ணை. என்ரை பிள்ளை எழும்பி நிக்கிறாள்தானே."

அவரே ஏணியில் ஏறினார். அகப்பையைப் பானைக்குள் இறக்கினார். வெள்ளைப் புகைக்குள் போனதும் திரி அணைந்தது. இடது கையில் பிடித்திருந்த தட்டில், அதே காற்றில், மற்றத் திரிகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. இன்னொன்றை வைத்து இறக்கினார். அதுவும் அணைந்தது. கீழே நின்ற கிழவிமார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செல்வி இறங்கி வந்து அகப்பையை இயக்குநரின் கையில் கொடுத்தார். இயக்குநர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்திலிருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்தார். அது பனிக்கட்டிப் பெட்டி. உடனே எழும்பிவிட்டார்.

பானை வெறுமையாக உருண்டு வந்து வாசலில் அமோகமாகப் பொங்கியது. மணமக்கள் அதற்குப் பின்னால் தள்ளி நடந்து வந்தார்கள். செல்வி புதுத் திரி போட்டு ஆரத்தி எடுத்தார். "திரி நூந்தால் வேறை திரி இருக்கு" என்று, யாரும் கேட்காமலே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சாப்பாடு மிகத் திறம்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். அவர்கள் உங்கள் கோபத்தை எடுக்கட்டும், அழுகையை எடுக்கட்டும், சம்பளம் தருகிறார்கள்தானே. ஆனால் ஆபத்து என்றால் சொல்வதற்கென்று ஒரு சொல்லை உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கமராவுக்கு முன்னால் விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். எங்கள் பட்டறையில் அதன்பிறகு அப்படி ஒன்றை வைத்துக்கொண்டோம். என்ன சொல் என்று கேட்காதீர்கள். இந்த மலரைத் தொலைக்காட்சிக்காரரும் வாசிக்கலாம்.

நிகழ்ச்சி மாரிக் குளிரில் ஒளிபரப்பானது. செல்வி தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். வீடு நிறையச் சனம், மேசை நிறையப் பலகாரம். நான் கோபமாகச் சொன்னதில் "சரிவராது" என்ற சொல் மட்டும் இரண்டு தடவையும் வந்தது. மூன்றாவதாகச் சொன்ன "சரிவரும்" வரவில்லை. அகப்பை வரவில்லை. மூடி என்ற பேச்சே இல்லை. பானை பொங்கியது, மார்க் சிரித்தான், பெரியவர் மறுபடி தோற்றார். வீடே என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், பழகிவிட்டதே.

பிறகு துவாரகாவின் முகம் திரை நிறைய வந்தது. புகைக்கு மேலே அந்தச் சிரிப்பு. பின்னணியில் வயலின். வயலினுக்கு அடியில் அவள் மூச்சு வாங்கும் சத்தத்தையும் வைத்திருந்தார்கள், அவளுடைய மைக்கில் பதிவானதை, தெளிவாக, காதுக்குப் பக்கத்தில் கேட்பதுபோல.

"பாவம் பிள்ளை, சந்தோசத்திலை மூச்சு முட்டுது" என்று எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பலரும் துடைத்தார்கள். என் கையில் இருந்த பயற்றம் பணியாரத்தை என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

துவாரகா எழுந்து போய் யன்னலைத் திறந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குளிர் அப்படியே உள்ளே வந்தது.

"ஆரது, இந்தக் குளிருக்கை யன்னலைத் திறந்தது?" என்று பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

செல்வி எழும்பினார். மூடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் போய் மற்ற யன்னலையும் அகலத் திறந்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.